விசிறிக்கடியில் போட்டுப் பார்த்த கோட்டு

நவம்பர் 6

அன்புள்ள கெமிஸ்ட்ரிக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், எழுதினால்தான் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் கேட்போம் என்று பஸ் ஏறும்போது சட்டம் போட்டுவிட்டுப் போனாய். சட்டப்படி எழுதுகிறேன். பில் புத்தகம் தவிர வேறு எதிலும் எழுதிப் பழகாத கை. கோணல்மாணலாகத்தான் வரும்.

உன் கடிதம் வந்தது. நாலே வரி. நீரேற்று நிலையம் உன் அறையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். ஆறு மணிக்கு ஊருக்குத் தண்ணீர் திறப்பதற்குமுன் நீதான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் ஐந்தே முக்காலுக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஏழுக்கு முன்னால் பஸ் கிடையாது, பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டாய். பிப்ரவரி இருபத்தாறுவரை தகுதிகாண் பருவம், அதற்குள் மூன்று தாமதம் விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாலு வரியில் எனக்குப் பிடித்தது கடைசி வரி மட்டும்தான். மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வராது, விலை சொல்லும்போது தவிர.

பத்தொன்பது வருடம் நம் குளிராடைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள் நீ. மகள் கல்லூரி விடுதிக்குப் போன மறுமாதமே எனக்குத் தெரியாமல் மனுப் போட்டு, நேர்முகத்துக்குப் போய், வேலை உத்தரவை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாயே, அதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் பனியில் சைக்கிள் மிதிக்க வேண்டிய அளவுக்கு நான் என்ன குறை வைத்தேன்? "நாலு நாள் குளிர்ல மிதிச்சா நீயே பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடுவே" என்று நான் சொன்னது தப்பாக இருக்கலாம். நடக்காது என்று மட்டும் நினைக்காதே.

அதற்காக உன்னைக் குளிரில் விட்டுவிட முடியுமா? பார்சலில் ஒரு கோட்டு அனுப்பியிருக்கிறேன். முழங்கால்வரை நீளம், உள்ளே நாலு அடுக்குப் பஞ்சு, காலரில் ரோமம். கடையிலேயே ஒசத்தியான ரகம். நம் சோதனைதான் தெரியுமே. வெளிநாடு போகிற பையன்களை விசிறிக்கடியில் நிறுத்தி, கோட்டைப் போட்டு, நூறு எண்ணச் சொல்வேன். நூறுக்குள் நெற்றி வியர்த்தால் கோட்டு பாஸ். இதைப் போட்டு நானே எண்ணினேன். முப்பத்தெட்டில் வியர்த்துவிட்டது.

போட்டுக்கொள். பொத்தானைக் கழுத்துவரை போடு.

உன் வீட்டுக்காரன்


நவம்பர் 17

முதலாளிக்கு,

இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம், அந்த வீட்டில் நீங்கள் உட்கார்ந்து பார்க்கிற ஒரே இடம் அதுதான். மற்ற நேரமெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டேயிருப்பீர்கள். குறை வைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். நான் படித்த படிப்பை எனக்கு ஞாபகப்படுத்தியது பத்தொன்பது வருடத்தில் நீங்கள் வைத்த பட்டப்பெயர் மட்டும்தான்.

கோட்டுக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெளியே இரண்டு டிகிரி. கதவைப் பூட்டும்போது ராணி மாதிரி இருந்தது. முதல் கிலோமீட்டர் சொர்க்கம். மூன்றாவதில் முதுகில் ஒரு ஓடை ஓட ஆரம்பித்தது. ஐந்தாவதில் உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டை, துவைத்துப் பிழியாத துணிபோல் ஒட்டிக்கொண்டது. அப்போது பார்த்து ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். சரக்கு ரயில். நின்றதுதான் தாமதம், உள்ளே இருந்த வியர்வை முழுக்கப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. மேலே நாலு அடுக்குப் பஞ்சு, அடியில் ஈரம். கோட்டுக்குள் நின்றுகொண்டு பல் தந்தியடித்தது.

கேட் திறந்ததும் வேகமாக மிதித்தேன். அந்த நீளம் இருக்கிறதே, அதன் ஓரம் செயினில் போய்ச் சிக்கிக்கொண்டது. இருட்டில் இறங்கி, பின்னால் மிதித்து, இழுத்து, கடைசியில் கிழித்துத்தான் எடுத்தேன். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டபோது ஐந்து ஐம்பத்து மூன்று. பொறியாளர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டார். முதல் வட்டம்.

நான் கோட்டைக் கழற்றியதைப் பார்த்த பம்ப் ஆபரேட்டர், "என்ன மேடம், தண்ணி மாதிரிய தொட்டிக்குள்ள எறங்கியே எடுத்தீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தாடை ஆடியதால் அது சிரிப்பு மாதிரி தெரிந்திருக்காது.

விசிறிக்கடியில் நின்று நூறு எண்ணுகிறவருக்கு அது நல்ல கோட்டு. நான் ஐம்பது நிமிடம் மிதிக்கிறேன். மறுநாளிலிருந்து நானே சோதனை ஆரம்பித்துவிட்டேன். ஒரு நோட்டில் வெப்பநிலை, காற்று, என்ன போட்டேன், எந்த இடத்தில் வியர்த்தது, எந்த இடத்தில் விறைத்தது என்று எழுதுகிறேன். இதுவரை கண்டது: கிளம்பும்போது கதகதப்பாக இருந்தால் அன்று தொலைந்தேன். வாசலில் லேசாக நடுங்க வேண்டும். பத்து நிமிடம் பல்லைக் கடித்தால் உடம்பே அடுப்பு மூட்டிக்கொள்கிறது. மெல்லிய கம்பளி உள்சட்டை, அதன்மேல் ஒரு சட்டை, அதன்மேல் மழைச்சட்டை, நடுவில் நெஞ்சுக்கு நேற்றைய செய்தித்தாள். காற்று பேப்பரைத் தாண்டி வருவதில்லை.

கைதான் பிரச்சினை. காலுக்கு வேலை இருக்கிறது, கை சும்மா பிடித்துக்கொண்டு காற்றை வாங்குகிறது. சோதனைக் குழாயில் சொட்டு எண்ணி விட வேண்டிய விரல்கள். நம் கடையில் மேல் அடுக்கில் காற்றுப் புகாத கையுறை இருக்குமே, உள்ளங்கையில் ரப்பர் பிடிப்பு வைத்தது, கருப்பு. அதில் ஒரு ஜோடி உடனே அனுப்புங்கள். இங்கே கடைகளில் நிற்கிறவர்களுக்கான சரக்குதான் இருக்கிறது.

கெமிஸ்ட்ரி


நவம்பர் 24

அன்புள்ள கெமிஸ்ட்ரிக்கு,

இருபத்துநாலு வருடத்தில் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வாடிக்கையாளர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. குளிர் நாட்டுக்குப் போனவன் குறை சொல்ல இவ்வளவு தூரம் திரும்பி வரமாட்டான் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்து சாக்ஸ் விற்று ஆரம்பித்தவன் நான். துணியைக் கண்ணை மூடித் தொட்டால் நூல் எந்த ரகம் என்று சொல்லுவேன். எனக்கு நீ பேப்பரை நெஞ்சில் வைத்துக்கொள்ளப் பாடம் எடுக்கிறாய். காலம்.

நீ கேட்ட கருப்புக் கையுறை தீர்ந்துவிட்டது. போன வாரம்தான் கடைசி ஜோடி போனது. அதற்குப் பதிலாக சுத்தக் கம்பளியில் பின்னியது அனுப்பியிருக்கிறேன். தடிமனைப் பார், உன் கை கரடிக் கைபோல் ஆகிவிடும். கூடவே தடித்த பருத்தி சாக்ஸ் நாலு. இரண்டு இரண்டாகப் போட்டுக்கொள்.

மகள் போன் செய்தாள். "அம்மா எப்படியிருக்காங்க?" என்றாள். "உங்கம்மாகிட்டயே கேளு, எனக்கு லெட்டர்லதான் தெரியும்" என்றேன். "என்னப்பா, நீங்க ரெண்டு பேரும் இப்பத்தான் லவ் பண்றீங்களா?" என்று சிரிக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதில் சிரிப்பது என்று விவஸ்தையே இல்லை.

கல்லாவில் ஆள் போட்டிருக்கிறேன். சில்லறை சரியாகக் கொடுக்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் திரும்பி ஏதாவது சொல்ல வாயெடுக்கிறேன், அவன் "என்ன சார்?" என்கிறான். ஒன்றுமில்லை என்கிறேன். தினமும் இதே கூத்து.

ஒரு வட்டம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டுதான்.

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 9

முதலாளிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். பேனா பிடிக்க வரவில்லை.

ஐந்தாம் தேதி உறைநிலைக்குக் கீழே நாலு. உங்கள் கம்பளிக் கையுறையைப் போட்டிருந்தேன். சல்லடை வழியாக மாவு விழுகிற மாதிரி அதன் ஒவ்வொரு கண்ணிலும் காற்று புகுந்தது. பனித்துளி பட்டு மேல்நூல் நனைந்து, நனைந்தது விறைத்து, ஏழாவது கிலோமீட்டரில் விரல் என்னுடையதா சைக்கிளுடையதா என்று தெரியவில்லை. இரண்டு சாக்ஸ் போட்டதில் ஷூ இறுகி ரத்தம் ஓடாமல் கால்விரலும் அப்படியே. ரொட்டிக்கடை வளைவில் தெருவில் கொட்டிய தண்ணீர் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. பார்த்துவிட்டேன். பிரேக்கை அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். விரல் மடங்கவேயில்லை.

சைக்கிளோடு வேலியில் போய் விழுந்தேன். முழங்காலில் தோல் போயிற்று. மூக்குக்கண்ணாடி வளைந்துவிட்டது. ரொட்டிக்கடை அம்மா ஓடிவந்து தூக்கி, என் கையை அவர் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "இந்தக் கையுறைய எவன் குடுத்தான் உனக்கு?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கடையில் வாங்கினேன் என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு நாலு. அதற்குள் ஆறு மணி வால்வு திறக்காமல் நின்றுவிட்டது. ஊருக்கே தண்ணீர் பதினேழு நிமிடம் தாமதம். என்னால் எத்தனை வீட்டில் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார்களோ. பொறியாளர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வட்டத்தைப் போட்டுவிட்டு, "நீங்க நல்லா வேலை செய்யறீங்கம்மா. ஆனா இன்னொண்ணு விழுந்தா என் கையில ஒண்ணும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

இடது கையில் இரண்டு விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டால் சூடு தாமதமாகத் தெரிகிறது. டாக்டர் வந்துவிடும் என்கிறார்.

இந்த வேலை என்னவென்று உங்களுக்கு ஒரு தடவை சொல்கிறேன், அப்புறம் சொல்லமாட்டேன். காலையில் அந்தச் சிறிய குப்பியில் மருந்துச் சொட்டு விழுந்ததும் தண்ணீர் மெல்ல ரோஜா நிறமாகும். அட்டையிலுள்ள நிறத்தோடு வைத்துப் பார்த்து, போதும், திறக்கலாம் என்று நான் சொன்னால்தான் ஒரு ஊர் முகம் கழுவும். நான் சொன்னால்தான். கல்லாவில் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை, சில்லறை தவிர.

இப்போது கேள்வி. கண்ணை மூடித் தொட்டு நூலைச் சொல்லுகிறவர் நீங்கள். காற்றில் போகிறவளுக்குப் பின்னல் கையுறை ஆகாது என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியாமல் அனுப்பினீர்களா, தெரிந்தே அனுப்பினீர்களா?

கெமிஸ்ட்ரி


டிசம்பர் 15

உனக்கு,

என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கட்டின பெண்டாட்டியின் கை விறைக்கட்டும் என்று நினைக்கிறவனா நான்? விழுந்ததற்கு வருத்தம். கேட்டதற்கு அதைவிட.

பதில் வேண்டுமென்றால் வந்து கேள். ஐந்து மணிக்குத் தினமும் பஸ் இருக்கிறது.


டிசம்பர் 21

கெமிஸ்ட்ரி,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். போடாவிட்டால் இப்போது போட்டுவிடு.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து கடையில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்திருக்க. ஒரு வாடிக்கையாளரிடம் விலையையே குறைத்துச் சொல்லிவிட்டேன், கடைக்காரப் பையன்கள் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை நம் ஐஸ்காரர் கிடங்குக்குப் போனேன். மீன் வைக்கிற பெரிய கூடம், உள்ளே இரண்டு டிகிரி. கடை டெலிவரி சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் ஐஸ்காரர் வாயைப் பிளந்தார். "என்னய்யா, சரக்கு எடுக்க வந்தியா, சர்க்கஸ் காட்ட வந்தியா?" என்றார். உனக்கு அனுப்பிய கோட்டின் ஜோடியைப் போட்டுக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே சுற்ற ஆரம்பித்தேன். சுமை ஏற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்று வேடிக்கை. "முதலாளி, மெதுவா! வஞ்சிரம் எழுந்து ஓடிடப் போவுது!"

சிரிப்பு இருக்கட்டும். ஏறியபோது ராஜாதான். பத்தாவது சுற்றில் முதுகு நனைந்தது. இருபதாவதில் கோட்டுக்குள்ளே நான் வெந்துகொண்டிருந்தேன். ஐஸ்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், ஏழு நிமிடம் நிற்க வை என்று, உன் ரயில்வே கேட் கணக்குக்கு. நாலாவது நிமிடத்தில் "போதும், கதவைத் திற" என்று கத்திவிட்டேன். அங்கே வேலை செய்கிற ஒரு அம்மா ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் அதன்மேல் பிளாஸ்டிக் சட்டையும் போட்டு ஐம்பது கிலோ பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். "ஏம்மா, குளிரலையா இவ்வளவு மெல்லிசா?" என்றேன். "நிக்கிற மேஸ்திரிக்குத்தான் கோட்டுங்க ஐயா. நாங்க எங்க நிக்கிறோம்?" என்றார்.

இருபத்துநாலு வருடமாக நான் விற்றதெல்லாம் மேஸ்திரிகளுக்கான சரக்கு. விசிறிக்கடியில் ஓட்டிப் பார்க்க முடியாதே, நிற்க வைத்துத்தானே பார்த்தேன்.

அப்புறம் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். அது வேண்டியதே இல்லை. ஏனென்றால் அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன் கேள்விக்குப் பதில். கோட்டு அனுப்பியபோது எனக்குத் தெரியாது. கையுறை அனுப்பியபோது தெரியும்.

கருப்புக் கையுறை தீரவில்லை. பதினோரு ஜோடி இருந்தது. ஏணி போட்டு ஏறி ஒன்றைக் கையில்கூட எடுத்தேன். எடுத்த கை அதைத் திரும்ப வைத்துவிட்டுக் கீழ் அடுக்குக்குப் போனது. விழுவாய் என்று நினைக்கவில்லை, அது மகள்மேல் சத்தியம். கொஞ்சம் குளிரும், கொஞ்சம் தாமதமாகும், இன்னொரு வட்டம் விழும், வந்துவிடுவாய் என்றுதான் கணக்குப் போட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றால் அது பொய்.

பார்சலில்: கருப்புக் கையுறை இரண்டு ஜோடி, ஒரு அளவு பெரிதாக, உள்ளே விரல் அசைய இடம் வேண்டும். இடுப்பளவு காற்றுச் சட்டை, கக்கத்தில் ஜிப் வைத்தது, சூடேறினால் திறந்துகொள்ள. மெல்லிய கம்பளி உள்சட்டை இரண்டு, ஒன்றைப் பையில் உலர்ந்ததாக வைத்துக்கொள். ஹெல்மெட்டுக்கு அடியில் நுழைகிற காது மூடும் தொப்பி. சாக்ஸ் இனி ஒரு அடுக்குதான். எல்லாவற்றையும் ஐஸ்காரர் கிடங்கில் ஐம்பது நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். முழங்கால் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக மாடிப்படி ஏற முடியவில்லை.

இதைப் போட்டுக்கொண்டால் நீ தாமதமாகமாட்டாய். அது எனக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் அனுப்புகிறேன்.


ஜனவரி 2

பார்சல் வந்தது.

அது வருவதற்குள் நானே வழி கண்டுபிடித்துவிட்டேன், அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் போடுகிற மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டு, அதன்மேல் கம்பளி, அதன்மேல் பால் பாக்கெட் உறை, மணிக்கட்டில் நூல். சாக்ஸுக்கு மேல் ரொட்டிக்கடை கவர். பார்க்க நடமாடும் குப்பைக்கூடை மாதிரிதான் இருந்தேன், ஆனால் இருபத்தாறு நாள் ஐந்தே முக்காலுக்குள் உள்ளே போயிருக்கிறேன். உங்கள் கருணையில்லாமல்.

"கையுறை அனுப்பியபோது தெரியும்" என்ற அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. கையுறைகூடப் பெரிதில்லை. "தீர்ந்துவிட்டது, போன வாரம்தான் கடைசி ஜோடி போனது" என்று எழுதினீர்களே, அந்தப் போன வாரம். யாருமே கேட்காத ஒரு விவரம். அந்தச் சரளம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன் அதை. வாடிக்கையாளரிடம் நீங்கள் சொல்லும்போது சிரித்துக்கொண்டு சில்லறை எண்ணியவள்தானே நானும். என்னிடமும் அதே குரலில் வரும் என்று தெரியாமல் போயிற்று.

நீங்களாகச் சொன்னீர்கள், அதுவும் உண்மை. சொல்லாமலே விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தே தப்பான சரக்கைக் கொடுத்தவரும், முதலில் சீறிவிட்டுப் பிறகு தானாக ஒப்புக்கொண்டவரும் ஒரே ஆள் என்றால் எந்த ஆளுக்குப் பதில் எழுதுவது?

கருப்புக் கையுறை பொருந்துகிறது. போட்டுக்கொள்கிறேன். பிரேக் தெரிகிறது. கக்கத்து ஜிப் நல்ல யோசனை, மேட்டில் ஏறும்போது திறந்துவிடுகிறேன். இதையெல்லாம் சரக்குப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், சமாதானமாக இல்லை.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.


ஜனவரி 23

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். மூன்று வாரம் பொறுத்துவிட்டேன், என் வாழ்க்கையில் இதுதான் சாதனை.

ஒரே ஒரு கேள்வி. மூன்றாவது வட்டம் விழுந்ததா, இல்லையா? டி.வி.யில் உங்கள் பக்கம் பனிப்புயல் என்று காட்டுகிறான். பார்த்ததிலிருந்து காலை நாலு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து கூடத்தில் நடக்கிறேன். ஐந்தே முக்கால் ஆனதும்தான் காபி இறங்குகிறது. விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேனா, விழக்கூடாது என்றா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன்.

ஒரு கார்டில் ஒரு வார்த்தை போடு. போதும்.


பிப்ரவரி 12, காலை ஒன்பது மணி

கெமிஸ்ட்ரி,

இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லாததைப் பார்த்துப் பதறாதே. உன் நிலையத்து வாசல் காவலாளியிடம் நானே கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். நேற்று இரவு பஸ்ஸில் வந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் ஆறாம் நம்பர் அறை.

கார்டு வரவில்லை, அதனால் வந்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், உன்னை அழைத்துக்கொண்டு போகத்தான் வந்தேன். பேசினால் வந்துவிடுவாய் என்று எனக்கு ஒரு திமிர். இன்று ஐந்து மணி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்.

காலையில் ஐந்து மணிக்கே எழுந்து, விசாரித்துக்கொண்டு, நீ வருகிற வழியில் மேடு முடிகிற இடத்தில் இரும்புக் கடைத் திண்டோரம் நின்றேன். இருட்டு. தெருவிளக்கு ஒன்று. தூரத்தில் ஒரு சிறு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. ஆள் யாரென்று தெரியாமல், மிதிக்கிற வேகத்தைப் பார்த்து எவனோ வாலிபன் என்று நினைத்தேன்.

எனக்கு எதிரே வந்துதான் நிறுத்தினாய். இரண்டு முழம் தூரம் இருக்கும். மூக்குக்கண்ணாடி ஆவியடித்துவிட்டது போல. கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தாய். உன் தோளிலிருந்தும் கழுத்திலிருந்தும் இட்லிப் பானை மாதிரி ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு நொடி நேராக என்னைப் பார்த்தாய். கண்ணாடி இல்லாமல் உனக்கு நான் ஒரு தூண்.

வாயைத் திறந்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து முப்பத்தாறு. உனக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர், ஒன்பது நிமிடம். நான் கூப்பிட்டால் நீ நிற்பாய், நின்றால் சண்டை வரும், நம் சண்டை என்றைக்கு ஒன்பது நிமிடத்தில் முடிந்திருக்கிறது?

மூடிக்கொண்டேன். நீ கண்ணாடியை மாட்டி, பெடலில் ஏறி நின்று மிதித்துக்கொண்டு போனாய். பின்விளக்கு மறைகிறவரை பார்த்தேன். அப்போதுதான் ஜனவரியில் எனக்குத் தெரியாமல் இருந்தது தெரிந்தது. விழக்கூடாது.

ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன். பார்க்க விருப்பமில்லை என்றால் பதிலே வேண்டாம், அது உன் உரிமை. தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே, மேல் அடுக்கில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்.


பிப்ரவரி 12, பதினொன்றரை

பம்ப் ஆபரேட்டர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் கேள்வி கேட்பார், பதில் சொல்லாதீர்கள், ஊரெல்லாம் பரப்பிவிடுவார்.

மூன்றாவது வட்டம் விழவில்லை. இன்னும் பதினான்கு நாள். இன்று ஐந்து நாற்பத்து மூன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேன். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு பதினொரு மணி மாதிரியை இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது. முதல் தடவை எத்தனை சொட்டு விட்டேன் என்று எண்ணிக்கை தப்பிவிட்டது. குளிரைக் குறை சொல்லவும் முடியாது, அறைக்குள் ஹீட்டர் எரிகிறது.

கோபம் அப்படியேதான் இருக்கிறது. நேரில் பார்த்தாலும் இருக்கும். அதை வைத்துக்கொண்டே பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஐந்து மணி பஸ்ஸில் நீங்கள் போகத்தான் வேண்டும், நான் நாளைக்கு நாலு மணிக்கு எழ வேண்டும்.

லாட்ஜிலிருந்து இங்கே மூன்று கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தால் அதிகம் கேட்பான், நடந்து வாருங்கள். கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும், மேலே மேலே போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரண்டு மணிக்கு என் வேலை முடியும். அதற்குமுன் உள்ளே வருவதென்றால் வாசலில் வருகையாளர் பதிவேட்டில் எழுத வேண்டும். நேரம், காரணம், உறவு என்று மூன்று கட்டம். காரணம் என்ற இடத்தில் நீங்களே ஏதாவது யோசித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் வருவார் என்று சொல்லிவைத்தேன், உறவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று காவலாளி இப்போது என்னிடம் வந்து கேட்டார். ரொட்டிக்கடை அம்மாவிடம் சொல்லாததைச் சொல்லியிருக்கிறேன். அவர் எழுதியும் வைத்துவிட்டார், வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.